பிறைத்துளை

கராஜ் கதவைத் தூக்கி வைத்திருந்தார்கள்.
மேசை மேசையாக ஒரு ஆயுள் விலைக்கு:
பனிச்சறுக்குக் கட்டை, வாஃபிள் இரும்பு,
கொம்பொடிந்த பீங்கான் மான்.
ஓரத்தில் ஷூப் பெட்டி ஒன்று, இரண்டு டாலர்.
மூடியில் பென்சிலால் 'சின்ன ரயில்'.

அதற்குள் நான் இருந்தேன்.

பெயரில்லை, முகமில்லை.
பழுப்பேறிய இரண்டு டிக்கெட்டில்
பிறை வடிவத் துளையாக இருந்தேன்.
கார்னெட் உச்சிப் பாதையில்
கண்டக்டருக்கு ஒரு துளை அந்நாளில்:
டெல்பர்ட்டுக்குச் சாவி,
ஹார்லனுக்கு இலை,
எனக்குப் பிறை.
மூன்று கோடை. மூன்றடி அகலத் தண்டவாளம்.
மணிக்கு எட்டு மைல்.
"இறங்கிப் பூப் பறித்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்ளலாம்" என்று
ஆஸ்பென் மரங்கள் தொடங்கும் வளைவில்
தினமும் சொல்லி
தினமும் அதே சிரிப்பை வசூலித்தேன்.

பெட்டியில் இன்னும் இருந்தன:
சக்கரம் ஏறித் தாடி நீண்டுபோன செப்புக்காசு,
தபால்தலை ஒட்டியும் அனுப்பாத ஒரு கார்டு,
ஒரு தீப்பெட்டி.
தீப்பெட்டி மேல் பொடி எழுத்தில்
'வெர்னாவின் இடது கண்ணிலிருந்து. ஆகஸ்ட் 9, 1971.'
உள்ளே பஞ்சின் மேல்
கடுகிலும் சிறிய கரித்துணுக்கு.

கூரையில்லாப் பெட்டியில் போனால்
யார் கண்ணிலாவது விழும் அது.
தேய்க்காதீர்கள், கொட்டிக் கொட்டி இமையுங்கள் என்பேன்.
கைக்குட்டை நுனியை எச்சிலில் திரித்து
நாற்பது பேர் பார்க்க
ஒருவர் இமையை ஒருவர் மலர்த்துவதை
எத்தனை பார்த்திருப்பேன்.
வெர்னாவைத்தான் நினைவில்லை.

ஏறும்போது இரண்டு டிக்கெட்டிலும் பிறை.
இறங்கும்போது ஒன்றில் மட்டும்.

உச்சி ஊரில் ஒரு பஸ் உண்டு,
நான்கு பத்துக்கு.
மலையின் மறுபக்கம் இறங்கிப் போய்விடும்.
போனது யார்?
போகிறவர் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டா போவார்?
கொடுத்தாலும் அதை
ஐம்பது வருடம் வைத்திருப்பாரா இன்னொருவர்?

இதையும் சொல்லியாக வேண்டும்:
இறக்கத்தில், மாலையில்,
பிரேக் பெட்டியில் நான் கோகோ குடித்துக்கொண்டிருப்பேன்.
பாதிப் பேருக்குத் துளைத்ததேயில்லை.

தொப்பி போட்ட பையன் கேட்டான்,
"அவர்களைத் தெரியுமா உங்களுக்கு?"
"இல்லை," என்றேன், "இந்த ஓட்டையைத் தெரியும்."
சில்லறை எண்ணும் மும்முரத்தில் அவன் சிரிக்கவில்லை.

சமையலறை இழுப்பறையில்,
பூண்டு நசுக்கிக்குப் பக்கத்தில்,
அந்தத் துளைப்பான் இன்னும் கிடக்கிறது.
இரவு அதை எடுத்தேன்.
துளை விழாத டிக்கெட்
விளக்கடியில் வெறுமனே கிடந்தது.
வெகுநேரம் பார்த்துவிட்டு
மின்கட்டணச் சீட்டை எடுத்து
அதன் ஓரத்தில் அழுத்தினேன்.

பிறை சுத்தமாக விழுகிறது.