குதிகால் கணக்கு

காலண்டர் தாளின் பின்பக்கத்தில்
ஞாயிறு: பதினாறு கிலோமீட்டர்.
கட்டில் விளிம்போடு போதும் என்கிறது குதிகால்.

தரையில் வைத்த முதல் அடி
யாரோ கவிழ்த்துவிட்ட குண்டூசி டப்பா.
இரண்டாம் அடியில் பாதி ஊசி.
குளியலறை போய்த் திரும்புவதற்குள்
ஒன்றுமே நடக்காத மாதிரி
முகத்தை வைத்துக்கொள்கிறது கால்.
இந்த நடிப்பை நம்பித்தான்
பங்குனி முழுக்க ஓடினேன்.

நாலே முக்காலுக்குக் கோட்டை அகழியோரம்.
கிழக்கு வெளுக்கவில்லை,
மலை அதற்குள் அனல் விடுகிறது.
நேற்று வாங்கிய வெயிலைப் பாறைகள்
ராத்திரி முழுக்கச் சில்லறையாகத்
திருப்பிக்கொடுக்கின்றன வேலூருக்கு.
சத்துவாச்சாரியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் இஷ்ரத்
இரண்டாவது சுற்றில் என்னைத் தாண்டும்போது
"நடக்கிறீங்களா?" என்றாள்.
"வார்ம் அப்" என்றேன்.
அவளுக்கும் தெரியும்.

பத்து மணிக்குமேல் வேறு ஓட்டம்.
மின்வாரியத்தில் கணக்கீட்டாளர்.
கொசப்பேட்டைச் சந்துகள், மாடிப்படிகள்,
மீட்டர் பெட்டிக்குள் பல்லி,
செருப்புக்குள் ஒளித்துவைத்த ஜெல் திண்டு.
ஏ.சி. போட்ட வீடுகளின் எண்கள்
என்னைவிட வேகமாக ஓடுகின்றன இந்த மாதம்.
"ரெண்டு நாள் கரண்டே இல்ல, அதுக்கு இவ்ளோவா?"
வெயிலையும் நான்தான்
ஆபீசிலிருந்து எடுத்து வந்ததுபோல் கேட்கிறார்கள்.
ஒருவர் மட்டும் மோர் கொடுத்தார், உப்புத் தூக்கலாக.
யூனிட் குறையாது சார் என்று
சொல்லிவிட்டுத்தான் குடித்தேன்.

விடிந்தபின் ஓடினால் தலை சுற்றுகிறது.
விடியும்முன் ஓடினால் விறைத்த பாதம் இழுக்கிறது.
சாயங்காலம் என்றால்
ஏழு மணிக்கும் தார்ச்சாலை தோசைக்கல்.
காட்பாடிப் பாலத்தில் ஒருநாள் முயன்றேன்.
கீழே பாலாறு,
மணலை மட்டும் வைத்துக்கொண்டு கிடந்தது,
என்னை எதற்கும் அவசரப்படுத்தாமல்.
நாலாவது கிலோமீட்டரில் பஸ் ஏறிவிட்டேன்.
கண்டக்டர் என் வியர்வையைப் பார்த்து
சில்லறை கேட்கவில்லை.

பிசியோ ஜெசிந்தா கட்டைவிரலால் அழுத்தி
நான் கத்திய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டாள்.
"ஆறு வாரம் ஓடக்கூடாது."
"பந்தயத்துக்கு ஒன்பது வாரம்தான் இருக்கு."
"அத நான் கேக்கல."
தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்துப்
பாதத்துக்கடியில் உருட்டச் சொன்னாள்,
ராத்திரி இருபது நிமிடம்.

அன்றைக்கென்று எட்டரைக்கு
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
பக்கத்து வீட்டுப் பையன் சுவர்மேல் எட்டி
"ஆன்ட்டி, எப்ப வரும்?"
பின்னாலேயே அவன் அம்மா, அவளுக்குப் பின்னால்
தெரு மொத்தமும் விசிறிக்கொண்டு.
எனக்கு லைன்மேன் நம்பர்தான் தெரியும்,
அவர் எடுக்கவில்லை.
பாட்டில் பாதி பனி, பாதி தண்ணீர்.
இருட்டில் அதை உருட்டிக்கொண்டே
டார்ச் வெளிச்சத்தில் பதினாறை அடித்தேன்.
ஆறு என்று எழுதினேன்.
பிறகு ஆறையும்.
வேலையில் இப்படி அடித்துத் திருத்தினால்
மெமோ கொடுப்பார்கள்.

ஷூவைத் தணிகைவேல் பரணில் போட்டார்.
எட்டாத இடம் என்று நினைத்திருப்பார்.
ஸ்டூல் போட்டு இறக்கினேன்,
லேஸைத் துவைத்தேன்,
நானே திரும்பப் பரணில் வைத்தேன்.
இஷ்ரத் தினமும் தன் தூரத்தை அனுப்புகிறாள்.
கட்டைவிரல் உயர்த்திவிட்டு
போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.
இது நாற்பத்தோரு வயதில் வந்த பொறாமை,
நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது.

கத்திரி முடிந்து நாலாம் நாள்.
இன்று காலை தரையில் கால் வைத்தேன்.
ஊசி இல்லை.
நம்பவில்லை.
சந்தேகமான மீட்டரைத்
தெருமுனைவரை போய்விட்டுத்
திரும்ப வந்து பார்ப்பதுபோல்
மறுபடி படுத்தேன், கால் மணி நேரம்,
மின்விசிறியின் கட்டைகளை எண்ணிக்கொண்டு.
எழுந்து
இன்னொரு முதல் அடி வைத்தேன்.

ஒரு ஊசி.
ஒன்றே ஒன்று.
காலண்டர் தாளில் குறித்துக்கொண்டேன்:
ஒன்று.