தாளின் பின்புறம்

இசோமுரா மழையை ஒரே மூச்சில் வரைந்துவிடுவார்.
அந்த மழையைச் செதுக்கத்
தொதானிக்குப் பதினோரு நாள்.
செர்ரிப் பலகையில்
மழை இல்லாத இடத்தையெல்லாம் தோண்டி எறிந்தபடி
"இந்த ஆளுக்கு வெயிலே பிடிக்காதா" என்று
உளியோடு சண்டை பிடிப்பான்.

பிறகு பலகைகள் என்னிடம் வரும்.
ஒரு நிலவொளிக்கு முப்பத்திரண்டு முறை
ஈரத் தாளை இறக்கி,
மூங்கில் மடல் சுற்றிய வட்டத்தட்டால் தேய்த்து,
உரித்தெடுக்க வேண்டும்.
நிலவுக்கு மட்டும் ஒரு முறைகூட இல்லை.
அது நாங்கள் தொடாமல் விட்ட தாள்.

அவர் வாழ்ந்ததில் பாதி மூன்றாம் வகுப்பு ரயிலில்.
முழங்காலில் குறிப்பேடு,
சட்டைப்பையில் வயிற்றுவலி மாத்திரை.
திருவிழா முடிந்த மறுநாள் போய்
வெறும் படித்துறையை வரைந்துகொண்டு வருவார்.
பதிப்பாளர் ஹிராகா பனி கேட்பார்,
பனிதான் கப்பலேறி அமெரிக்கா போகும் என்று.
"அந்த ஊரில் பனி விழுவதில்லையே" என்பார் இவர்.
அதற்கு மேல் பேச்சு இருக்காது.

ஒரு முறை ஷிமோதாவிலிருந்து
மீனவன் ஒருவன் எழுதினான்:
"படத்தில் என் படகைக் காணோம்.
அன்று அதை அங்கேதான் கட்டிவிட்டுப் போனேன்."
அடுத்த பதிப்பில் படகு வந்தது.
பாதிப் படகு, ஓரத்தில்.
தொதானி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

மிக்குனித் துறைமுக இரவு அவருடைய கடைசிப் படம்.
சோதனைத் தாளைச் சன்னலுக்கு நேரே பிடித்தார்.
"இன்னும் நீலம்."
போட்டேன்.
"இன்னும்."
பாய்மரம் மறைந்தது.
கிடங்குகள் மறைந்தன.
கரைவிளக்கின் மஞ்சள் அரிசியளவு மிஞ்சியது.
"இப்போதுதான் இருட்டத் தொடங்குகிறது" என்றார்.

தேநீர்க் கிண்ணத்தை அவர் கை
மேசையெங்கும் தேடியதை அன்று பார்த்தேன்.
கண்ணில் மஞ்சள் பழுத்துவிட்டது,
எத்தனை முறை தேய்த்தாலும்
நீலம் அவரிடம் போய்ச் சேராது.
சொல்லியிருக்கலாம்.
பிரஷ்யன் நீலத்தில் அரிசிப்பசை கலந்து
இன்னொரு முறை தேய்த்தேன்.

நாற்பது தாளோடு நிறுத்திவிட்டார் ஹிராகா.
"இது இரவா, மைப்புட்டி கவிழ்ந்ததா?"

அவர் போய் ஆறு வருடம் கழித்து,
போர்க்காலத்தில் ஓர் இரவு,
நகரத்து விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொன்னார்கள்.
சுமிதா ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றேன்.
பாலத்தைக் காணோம்.
என் கையைக் காணோம்.
அக்கரையில் எவனோ தடையை மீறிப் பற்றவைத்த சிகரெட்
அரிசியளவு.
மற்றதெல்லாம் நான் தேய்த்த நீலம்,
ஒரு பூச்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கண் கெட்டுக் கேட்டாரா,
கண்டு கேட்டாரா?
பாலத்தில் நின்றபோதும் தெரியவில்லை,
இன்றும்.

முன்பக்கத்தில் அவர் கையெழுத்து, சிவப்பு முத்திரை.
விளிம்பில் எறும்பளவில் தொதானி.
என் பெயர் எங்கும் கிடையாது.
தாளைத் திருப்பி
விளக்குக்கு நேரே பிடியுங்கள்:
வட்டம் வட்டமாய்த் தேய்த்த தடங்கள்.
வலது மூலைக்குக் கீழே
ஒரு வட்டம் பிசகியிருக்கும்.
அந்த இடத்தில்தான் அவர்
"இன்னும்" என்றார்.