ஒன்று குறைகிறது

பனி வழியை மூடுவதற்குள்
தலைகளை எண்ணி முடிக்க வேண்டும் என்று உத்தரவு.
பள்ளிக்குப் பூட்டுப் போட்டேன்.
படிவங்களை ரெக்சின் பையில் திணித்துக்கொண்டு
முக்பாவின் மரவீடுகளிலும்
அதற்கு மேலே காட்டுக் குடில்களிலும்
பதினொரு நாள் ஏறி இறங்கினேன்.
நான் சுரேஷி ரமோலா. கணக்கு டீச்சர்.
எண்ணுவதில் எனக்குப் பிழை வராது.

முதல் வீட்டுப் பூசாரி
ராஜ்மா உரித்துக்கொண்டே கேட்டார்:
"தீபாவளி கழிந்தால் கங்கை பல்லக்கில் இறங்கி வந்து
ஆறு மாதம் இந்த ஊரில்தான் இருக்கிறாள்.
அவளை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?"
ஆறு மாதம் வசித்தால் விதிக்குள் வந்துவிடுகிறாள் என்றேன்.
இருவரும் சிரித்தோம்.
அவர் மருமகள் சிரிக்கவில்லை.
"அவள் இல்லாத வீடு எது என்று சொல்லுங்கள்.
அதை மட்டும் விட்டுவிட்டு எழுதலாம்"
என்றாள், கைக்குழந்தையின் மூக்கைத் துடைத்தபடி.
குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
பெயரில்லாமலும் எண்ணலாம்.
எண்ணினேன்.

தேவதாருக் காட்டின் விளிம்பில் ஒரு தகரக் கூரை.
முப்பது வயதுகூட இருக்காது அந்தச் சாமியாருக்கு.
அடிப்பிடித்த குக்கரைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.
பெயர்?
இப்போதையதைச் சொன்னார்.
முந்தையது?
"அவனுக்கு ஹரித்துவாரில் நானே பிண்டம் வைத்துவிட்டேன்."
செத்தவர்களுக்குப் படிவத்தில் இடமில்லை. சரி.
தொழில்?
இல்லை.
வேலை தேடுகிறீர்களா?
"தேடிக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டது."
'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன்.
தாய்மொழி?
தேய்த்த கை நின்றது.
ஒடியா என்றார்,
தூங்குகிறவர்களை எழுப்பாமல் கதவு சாத்துகிறவர் போல.
பிறகு முழங்கால் வலிக்கு
மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன்.
கடவுளைப் பற்றி நாங்கள் எதுவும் பேசவில்லை.

கடைசி இரவு, வகுப்பறையில், சோலார் விளக்கடியில் கூட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
ஊர்ப் பிரதான் தந்த பட்டியலில் நானூற்றுப் பதின்மூன்று.
மறுபடி கூட்டினேன்.
போன மாதம் செத்தவரைக் கழித்தாயிற்று.
டேராடூனுக்கு ஓடிப்போன இளைய மகனைக் கழித்தாயிற்று.
பெயரில்லாத குழந்தைகூட இருந்தது.
ஓர் ஆள் எங்கே?

மூன்றாம் தடவை பேனா நின்றது.
விளக்கு என் தலையைக் கரும்பலகையில்
பூதாகாரமாக வரைந்திருந்தது.
அடிக் கழுதை!
பதினான்கு வருடமாக இங்கே குடியிருப்பவள்,
எல்லார் கதவையும் தட்டியவள்,
என் கதவை யார் தட்டுவது?

எழுதினேன். ரமோலா, சுரேஷி. பெண்.
ஐம்பத்திரண்டு. கைம்பெண்.
எழுதப் படிக்கத் தெரியும்.
கணக்கு நேராயிற்று.

தூக்கம் வரவில்லை.
தாளில் இருந்த அந்தப் பெண்ணைத்
தாளுக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது எது?
அதையும் பிடித்து எழுதிவிடலாமென்று
பெயர் கேட்டேன், வயது கேட்டேன்.
கேட்டதே அதுதான்.
எழுத எழுத
எழுதுவது ஓரடி பின்னால் தள்ளி நின்றது.
தராசு தன்னை நிறுத்துக்கொள்வதில்லை.

அதற்கு ஐம்பத்திரண்டு வயது இல்லை.
புருஷன் செத்திருக்கவில்லை.
என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளமும் இல்லை.
அப்படியானால்
குக்கரின் கரியை உற்றுப் பார்த்தது?
மூக்கொழுக அந்தக் குழந்தை என்னைப் பார்த்ததே, அது?
இத்தனை கதவுக்குள்ளும்
வழக்கமாக வசிப்பவர் எத்தனை பேர்?
ஒன்று என்று எழுதப் போனேன்.
ஒன்று என்று எண்ணவும்
எதிரே ஒருவர் நிற்க வேண்டுமே.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

விடிந்தபோது வாளித் தண்ணீரில்
பாலாடை போல் பனி.
உத்தரகாசியிலிருந்து ஜீப்பில் வந்த மேற்பார்வையாளர்
விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார்.
"மொத்தம் சரிதானே டீச்சர்?"
சரிதான் என்றேன்.
ஒன்று குறைகிறது என்று சொல்லவில்லை.
டீ போட்டேன்.
இரண்டு தம்ளர் எடுத்துவைத்து
சற்று நின்றேன்.
பிறகு இரண்டிலும் ஊற்றினேன்.