முழங்கை அளவு

கோணிக்குள் சுற்றி வந்தது. லைசென்சுத் தாளை
ரப்பர் வளையம் போட்டு வாலில் கட்டியிருந்தது.
சிக்கந்தர் ராவுத்தர் மேசையில் கிடத்திச் சொன்னார்:
"சவரி, இதுக்கு அரைக்கைச் சட்டை தைக்கணும்."

சரியாகத்தான் சொன்னார்.
பட்டாளத்துத் துப்பாக்கிக்கு மூக்குவரை மரம்,
கழுத்துப் பட்டன்வரை பூட்டிய காக்கி.
முன்மரத்தில் ஒரு முழம் அறுத்தேன்.
தூள் பறக்கவில்லை,
இருபது வருஷத்துக் கிரீஸ் கறுப்புக் களியாக
ரம்பப் பல்லில் ஒட்டியது.
முனைக்கத்தி மாட்டும் குமிழை அரம் தின்றது.
இரண்டாயிரம் கஜம்வரை எண் பொறித்த ஏணிக்குறி
கழன்று பிஸ்கட் டப்பாவில் விழுந்தது.
பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்தில்
பன்றிக்கு நாற்பது கஜம் தாராளம்.

பலகை அவர் கொண்டுவந்தது. ரெங்காஸ்.
அடுப்பங்கரைப் புகையில் நாலு வருஷம் காய்ந்ததாம்.
சீவச் சீவச் சிவப்பில் கறுப்பு ரேகை,
படுத்திருந்த புலி எழுந்து வருகிற மாதிரி.
அழகுதான். அதன் பாலுக்கு மட்டும் சாவில்லை.
மூன்றாம் நாள் என் முன்கை இரண்டும்
அவித்த மரவள்ளியாக வீங்கின.
"எவனோ பன்னி சுட உனக்கு ஏன்யா சொறி"
என்று பெண்டாட்டி வேப்பிலை பூசினாள்.

தோளில் பதியும் கட்டைக்கு ஆள் அளவு வேண்டும்.
கூ தெங் ஹாய் வந்தார், பனியனோடு,
லாரி ஓட்டிவந்த வியர்வையோடு.
வலது கையை நீட்டுங்க தவுக்கே, என்றேன் பாசார் மலாயில்.
நீட்டினார். அவ்வளவுதான் நீண்டது.
பாதி திறந்து துருவேறிய கீல்.

"இதே ரகம்," என்று மேசையைத் தாடையால் காட்டினார்.
ஐம்பத்தொன்று. ஊரடங்கு மணி அடித்தபிறகு
பட்டியில் ஒரு பன்றி ஈனுகிறதென்று
வேலியோரம் போயிருக்கிறார்.
காவலுக்கு நின்றது யாரென்று தெரியாது.
இருட்டு. சத்தம். கை.
மழை பெய்த தேதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

டேப் என் விரலில் இருந்தது.
ஐம்பத்தொன்றில் எனக்கு இருபது வயது.
தொப்பியும் பூட்சும் கொடுத்து
ஒரு கம்பிவேலிக்குக் காவல் வைத்தார்கள்.
ஒரு ராத்திரி லாலாங் அசைந்தது.
மூன்று தோட்டா.
விடிந்ததும் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.
போகவில்லை. போனதாகச் சொன்னேன்.

"எந்த ஊர் தவுக்கே? ரசீதில் எழுதணும்."
ரசீதில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.
"கூலிம் பக்கம்."
நான் நின்றது சுங்கை சிப்புட்.
அன்று ராத்திரி மகனுடைய பள்ளி வரைபடத்தில்
அடிக்கோல் வைத்து அளந்தேன். இரண்டு முறை.
நடுவில் ஆறு இருக்கிறது, மாநில எல்லை இருக்கிறது.
ஊர் வேறுதான்.
அரிப்பு நிற்கவில்லை.

கட்டையை ஒன்றேமுக்கால் அங்குலம் குறைத்தேன்.
கன்னம் சாயும் மேட்டை ஒரு நூல் தள்ளினேன்.
கெட்ட கை தானாகப் போய் உட்கார
பிடியைச் சற்றே உள்வாங்கினேன்.
ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டில், பதினொரு பூச்சு.
ஏழுக்குத்தான் கூலி, என்றார் ராவுத்தர்.

வாங்கித் தோளில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார்.
குறி நேரே வந்து நின்றிருக்க வேண்டும்.
"ஹோ," என்றார். அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
அவர் மகன் சைக்கிளில் ஒரு முன்சப்பை கொண்டுவந்தான்,
சீனப் பத்திரிகையில் சுற்றி.
கடைக்குள் ஆகாது.
அஞ்சடியிலேயே வாங்கி என் ஹாண்டிலில் மாட்டினேன்.
ராவுத்தர் கணக்கேட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

வீட்டில், கத்தி வைக்குமுன்,
விளக்கடியில் புரட்டிப் பார்த்தேன்.
ஒரே துளை, சுண்டுவிரல் அகலம்.
வேறு காயமில்லை.
வெளிச்சம் வரும்வரை உட்கார்ந்திருந்து
பன்றிதானா என்று பார்த்துவிட்டுச்
சுட்டிருக்கிறார்.