நன்னடத்தை

புதுவயல் நெல்லாலை உமித்தூசி
மேல்காற்றில் வந்து
பொது அறிவுப் புத்தகத்தில் விழும்.
ஊதிவிட்டுப் படிப்பேன்.
மூன்றாம் முறை தேறினேன்.
"சிபிஐயாம், ரயில்வே இல்லையாம்"
அம்மா தெருவெல்லாம் சொன்னாள்,
லேசான ஏமாற்றத்தோடு.

என்னை விசாரிக்க
சாக்கோட்டையிலிருந்து ஏட்டையா வந்தார்.
கேஸ் கீஸ் உண்டா,
கட்சி கிட்சி உண்டா,
பிள்ளை எப்படி?
மாவுமில்காரர் மட்டும்
கோவக்காரப் பொண்ணு என்றாராம்.
அதை எழுதவில்லை.
இருபத்தைந்து வருஷம்
ஒரு பக்கத்தில் முடிந்துபோனேன்.
சா. செல்லநாச்சி. அடியில் நீல மையில்:
நன்னடத்தை.

காஸியாபாத்தில் பயிற்சி.
ரூபாய்த்தாளில் பினாஃப்தலீன் தடவித் தருவார்கள்.
வாங்கியவன் விரலை
சோடா உப்புத் தண்ணீரில் முக்கினால்
பன்னீர் ரோஜா நிறம்.
லஞ்சம் வாங்குபவனாக நடித்த பீகார்ப் பையன்
கை கழுவக் கழுவச் சிரித்தான்.

அதை அன்றிரவு போனில் அப்பாவுக்குச் சொன்னேன்.
கொஞ்ச நேரம்
மில் இரைச்சல் மட்டும் கேட்டது.
பிறகு, எடைச்சீட்டு வாசிக்கிற குரலில்:
"ஏட்டுக்கு ஆயிரம் குடுத்தேன் ஆத்தா.
நீ அப்ப குளிச்சுக்கிட்டிருந்தே."

கொடுப்பதும் குற்றம், பிரிவு எட்டு.
கட்டாயத்தில் கொடுத்திருந்தால்
ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும்.
இது எட்டாவது மாதம்.
தவிர, அவர் கேட்டாரா,
அப்பாவே நீட்டினாரா?
அதை நான் கேட்கவில்லை.

"தப்பா?" என்றார்.
சாப்பிட்டீங்களா என்றேன்.

காலையில் சட்டத் தாள் பரீட்சை.
முதல் கேள்வியே
பிரிவு எட்டு.
முழு மதிப்பெண் வாங்கினேன்.