மச்சம்

முதலில் கோடு போட்டார்கள்.
இடுப்பெலும்பிலிருந்து முட்டிச் சில்லு வரைக்கும்
ஊதா மையில் ஒரே இழுப்பு.
நடுவில் ஒரு வட்டம்.
வட்டத்துக்கு விரற்கடை தள்ளி
அவருடைய மச்சம்.

பதினெட்டு வருஷமாக
எனக்கும் விளக்கணைத்த இருட்டுக்கும் மட்டும்
தெரிந்திருந்த மச்சம்.
ஆறு பேர் நின்று பார்த்தார்கள்.
நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்,
என்னைப் பார்ப்பதுபோல.

பேனா மாதிரி ஒன்றை வட்டத்தில் வைத்ததும்
உள்ளேயிருந்து புஸ், புஸ் என்று சத்தம்.
"இங்க இருக்கு" என்றார் டாக்டரம்மா.
ரத்தக் குழாயைச் சொன்னார்.

மறுநாளிலிருந்து பேச முடியாது.
கடைசியாக என்னிடம் ஏதாவது சொல்வார் என்று
காத்திருந்தேன்.
அவர் டாக்டரம்மாவிடம் கேட்டார்:
"தொடைத் தோலு இன்னாத்துக்கு?
முதுகுதான கெட்டி. ஆட்டுக்கே அப்படித்தான்."

மேல்விஷாரத்தில் தோல் தரம் பிரிக்கும் மேசையில்
இருபது வருஷம் நின்ற கால்.
கட்டைவிரலால் ஒரு தடவு,
முதல் தரம், மூணாந்தரம், கழிவு என்று
வீசிக்கொண்டே போவார்.
வீசும்போதெல்லாம் இடது கன்னத்தில்
புகையிலை ஊறிக்கொண்டிருக்கும்.
அந்தக் கன்னம்தான்
கழிவுக்குப் போனது.

டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னார்:
"முதுகுன்னா உங்களைத் திருப்பிப் போடணும்.
தொடைன்னா மேல ஒரு டீம், கீழ ஒரு டீம்,
ஒரே நேரத்துல வேலை நடக்கும்.
மெத்துனும் இருக்கும். வாய் மடங்கணுமில்ல?"
சரக்குக்கு விலை படிந்த மாதிரி
தலையாட்டினார்.

பன்னிரண்டு மணி நேரம்.
பக்கத்து நாற்காலியில் ஒரு வங்காளத்துக்காரி,
பொரிப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
பேச்சு புரியவில்லை.
தன் தொடையைத் தட்டினாள், கன்னத்தைத் தொட்டாள்,
மூடியிருந்த கதவைக் காட்டினாள்.
நானும் அதையே செய்தேன்.
அதற்குப் பிறகு பொரி தின்றோம்.

"கோதண்டன் கூட இருக்கிறவங்க யாரு?"
நான்தான்.

மூக்கில் குழாய், கழுத்தில் தையல்.
மணிக்கொரு தரம் ஜெபக்கனி சிஸ்டர் டார்ச்சோடு வந்து
வாய்க்குள் ஊசியால் குத்துவாள்.
பளிச்சென்று சிவப்புப் பொட்டு வந்தால் உயிர் இருக்கிறது.
கறுத்து வந்தால் மறுபடி தியேட்டர்.
அவர் முகம் சுளிக்கவே இல்லை.
தைரியமில்லை அது.
தொடைக்குத் தான் வாய்க்குள் இருப்பது
இன்னும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் எனக்கும் டார்ச் கொடுத்தாள்.
எட்டிப் பார்த்தேன்.
பற்களுக்குப் பின்னால், கன்னத்தின் உட்சுவரில்,
வெளிறிய தொடைத் துண்டின் ஓரத்தில்
மச்சம்.

சிரித்துவிட்டேன்.
வார்டே திரும்பிப் பார்த்தது.
அவர் சிலேட்டில் எழுதினார்: இன்னா?
சிஸ்டர் நிற்கும்போது எப்படிச் சொல்வது.
பலப்பத்தை வாங்கி அந்த ஒரு வார்த்தையை எழுதி
உடனே உள்ளங்கையால் அழித்தேன்.

அடுத்த மாசம் அங்கே முடி முளைத்தது.
நாக்கு தடவித் தடவிக் குமட்டினார்.
"சுண்ணாம்புக் குழியில போட்டா
ஒரே நாள்ல உதிரும்" என்றார் குழறிக்கொண்டு.
கரண்டு வைத்தார்கள், முப்பது நாள்.
முடி உதிர்ந்தது.
ருசியும் கூடவே போனது.

பார்க்க வந்த ஷெட்டு ஆட்கள்
ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள்,
அவரால் தின்ன முடியாததை.
"பொழைச்சியே, மச்சக்காரன்பா நீ" என்றான் ஒருத்தன்.
நாங்கள் இருவரும்
ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

காலண்டர் பின்னட்டையில் மச்ச பலன் தேடினேன்.
நெற்றி, மூக்கு, தோள், தொடை.
வாய்க்குள் இருந்தால்
என்ன பலனென்று போடவில்லை.

சாப்பிட்டதும் மடிப்பில் சோறு சிக்கும்,
அவருக்குத் தெரியாது.
செல்போன் வெளிச்சத்தில் நான் துழாவி எடுப்பேன்.
மாடிப்படியில் அந்தக் கால் இழுக்கிறது.

கரண்டு போன ஒரு ராத்திரி
பழக்கதோஷத்தில் என் கை தொடைக்குப் போனது.
முட்டிவரை ஓடும் தழும்பு,
விரலுக்கு வரப்பு மாதிரி.
அவர் கையைப் பிடித்துக்
கன்னத்தில் வைத்தார்.
"உள்ள" என்றார்.
ளகரம் வழுக்கிவிட்டது.