கழிவு

பாடாங் செராய் பேருந்து நிறுத்தத்தில்
மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான்
புள்ளியியல் வகுப்பைக் கைவிட்டேன்.
ஒரு கட்டைவிரல் போதுமாயிருந்தது.
உறுதியா என்று கேட்டது திரை.
ஆம் என்றேன்.
பேருந்து வரவில்லை, வகுப்பு போய்விட்டது.

செவ்வாய் மாலை ஆறரைக்கு முடியும் பாடம்.
சுங்கைப் பட்டாணியிலிருந்து கடைசி பஸ் ஆறேகால்.
ஐந்து வாரமும் பாதியில் எழுந்து வந்ததில்
சராசரி வரைக்கும் தெரியும்.
திட்ட விலக்கம் வருவதற்குள்
நான் விலகியிருப்பேன்.

பதினான்கில் மூன்று போனால் பதினொன்று.
இதற்குப் புள்ளியியல் வேண்டாம்.
பன்னிரண்டு கிரெடிட் இருந்தால்தான் முழுநேர மாணவி என்பது
கடன் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது.
எட்டில் அப்பா கையெழுத்துப் போட்டதும்
மூடிவிட்டேன்.

கடிதம் மலாயில், மிக மரியாதையாக.
தங்கள் நிலை பகுதிநேரம்.
அடுத்த தவணை நிறுத்தப்படுகிறது.
கூடுதலாகப் பெற்ற எழுநூற்று இருபது ரிங்கிட்டைத்
திருப்பிச் செலுத்தவும்.

அந்த எழுநூற்று இருபது
தம்பியின் மூக்குக்கண்ணாடியில் கொஞ்சம் இருக்கிறது,
மூன்று மாத மின்சார பில்லில் கொஞ்சம்,
மீதி அம்மாவின் சீட்டில்.
நான் பகுதிநேரம்.
என் கடன் வீட்டில் முழுநேரம் வேலை பார்த்தது.

சனி ஞாயிறில்
செம்பனை ஆலையின் எடைமேடையில் இருக்கிறேன்.
லோரி ஏறும், எண் எழுதுவேன்.
குலைகளைக் குத்திப் பார்க்கும் பையன்
விரலால் சொல்வான்: காய் இரண்டு, நீளக்காம்பு ஐந்து.
பார்ப்பது ஐம்பது குலை.
கழிவு முழுச் சுமைக்கும்.

ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் பரஞ்சோதி அண்ணன்
போன மாதம்
சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.
"ரெண்டு குலைக்கு இவ்ளோவா?
பழுக்க விட்டா திருடன் வெட்றான்,
முந்தி வெட்டுனா நீ வெட்ற."
ரூல் அண்ணே என்றேன்,
தலை நிமிராமல்.
அடுத்த லோரி.

திங்கட்கிழமை
நிதியுதவிப் பிரிவின் ஜன்னலில்
புவான் ரோஸ்னானி சொன்னார்:
"கைவிடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
ஒரே கிரெடிட்தானே குறைகிறது,
பூப்பந்து எடுத்திருந்தால்கூடப் போதும்."
இப்போது எடுக்கிறேன்.
"அது வெள்ளிக்கிழமையோடு முடிந்தது."

எனக்குப் பூப்பந்து ஆடத் தெரியும்.
நன்றாகவே ஆடுவேன்.
இதை ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.
கை பாட்டுக்குக்
கடிதத்தை ஜன்னலுக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தது.
அவர் தலை நிமிரவில்லை.
அடுத்த எண்ணை அழைத்தார்.

இந்தச் சனிக்கிழமை மேடையேறியது
பரஞ்சோதி அண்ணன் லோரி.
கோபம் ஆறியிருந்தது,
அல்லது மழையில் குரல் கேட்கவில்லை.
"படிப்பெல்லாம் எப்படிப் போவுது லோஷினி?"
"அரை லோடுதான் அண்ணே."
"கழிவு எவ்ளோ?"
"எழுநூத்தி இருபது."
தன் சீட்டைச் சொல்கிறேன் என்று நினைத்து
ஒரு கணம்
வெளிறிப்போனார் மனுஷன்.